மழை பெய்தால் தெரியும் எழுத்து

ஏழாம் தெரு, தோர்ன்ஹோப்
அக்டோபர் 9

அன்பு மகள் லியானுக்கு,

பெர்த்தில் நீயும் மார்க்கும் சின்னவன் ஃபின்னும் வெயிலுக்குக் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு அம்மா எழுதுகிறேன். இங்கே கடல் காற்று ஆரம்பித்துவிட்டது. நானும் உங்கப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போன் வந்தால் உங்கப்பா நாற்காலியை விட்டு நகர மாட்டார். பேப்பர் படிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம்கூடத் திருப்பாமல், உன் குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பேச வேண்டியதோ அவரைப் பற்றி. அதனால் அவர் தன் லீக்ஸ் வெங்காயத்தாள் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்து இதை எழுதுகிறேன்.

விஷயம் என்னவென்றால், நம் தெருவுக்கு அரசாங்க மானியம் வந்திருக்கிறது. வீட்டுச் சுவர்களுக்குக் கோட்டு மாட்டுகிறார்களாம். இன்சுலேஷன் என்கிறார்கள். புது வீடுகளில் சுவருக்கு நடுவே இடைவெளி இருக்கும், அதில் எதையாவது ஊதி நிரப்பிவிடலாம். சுரங்கக் கம்பெனி நமக்குக் கட்டிக் கொடுத்த இந்த வீடுகளில் அந்தச் சொகுசெல்லாம் ஏது? வெறும் செங்கல். அதனால் வெளிப்பக்கம் நாலு விரல் கனத்துக்குப் பலகை அடித்து, மேலே பூசிவிடுவார்கள். நாம் ஒரு பென்னி கொடுக்க வேண்டாம். உன் பழைய அறையின் வடக்குச் சுவரில் வருஷா வருஷம் கறுப்பாகப் பூசணம் பூக்குமே, அது இனி வராது என்று கவுன்சிலிலிருந்து வந்த பெண் சொன்னாள். எனக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ராத்திரி கோட்டோடு படுக்கிறவளுக்குத்தான் அந்தச் சந்தோஷம் தெரியும்.

ஆனால் ஒரு நிபந்தனை. நம் வரிசையில் ஆறு வீடும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் ஒரு வீட்டை விட்டால் பலகையின் ஓரங்களில் மழைத் தண்ணீர் இறங்கிவிடுமாம், குளிரும் அந்த வழியாகவே அக்கம்பக்கத்துக்கு நுழையுமாம். ஒருவர் மாட்டேன் என்றாலும் இந்த மாதக் கடைசியோடு மானியம் வேறு தெருவுக்குப் போய்விடும். மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் அன்றைக்கே போட்டுவிட்டார்கள். பாக்கி நம் வீடு.

அந்தப் பெண் பேர் ஷாஸியா. மிடில்ஸ்பரோவில் இருந்து வருகிறாள். தங்கமான பெண், நான் கொடுத்த கேக்கை இரண்டாம் துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். உங்கப்பா முதலில் முறுக்கிக்கொண்டுதான் இருந்தார். "அரசாங்கம் கடைசியா இந்த ஊருக்கு அனுப்பினது ஸ்டிரைக்கை அடக்க குதிரைப் போலீஸை. இப்ப கோட்டு அனுப்புதா?" என்றார். அவள் சிரித்துவிட்டாள், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பேனாவை வாங்கி மூடியைக்கூடக் கழற்றிவிட்டார், லியான். அப்போது பார்த்து வெளியே நல்ல மழை.

மழை பெய்தால் நம் முன் சுவரில் என்ன தெரியும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த நாளில் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. செங்கல் நனைந்து கறுத்ததும் வெள்ளை எழுத்து தானாக எழுந்து நிற்கும். கருங்காலி. வேலை நிறுத்தம் நடந்த வருஷம் எழுதியது. தோழர்களெல்லாம் வெளியே நிற்கும்போது சுரங்கத்துக்குள் வேலைக்குப் போனவனுக்கு வைக்கிற பேர். உங்கப்பா அதை அழித்ததும் இல்லை, மேலே பெயிண்ட் அடித்ததும் இல்லை.

ஷாஸியா சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்? உள்ளே வரும்போது அதைப் பார்த்திருக்கிறாள். ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "வாசல்ல யாரோ பசங்க கிறுக்கி வச்சிருக்காங்க போல. கவலைப்படாதீங்க ஹெப்பிள் சார், மேல பலகை வந்துட்டா அது இருந்த இடமே தெரியாது" என்றாள்.

உங்கப்பா பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டார். "எழுதினவங்க வந்து அழிக்கட்டும்மா. அப்புறம் மூடு. நாப்பது வருஷம் நான் பாத்துக்கிட்டு இருந்ததை நீ ஒரு பலகையைப் போட்டு இல்லேன்னு ஆக்கிட முடியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பெண் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள், பாவம்.

அவர் சொன்னது சுவர் வழியாகவே பரவி, இப்போது தெரு முழுக்க நம் வாசலையே பார்க்கிறது. ஆனால் வந்து கேட்க முடியவில்லை! நாற்பது வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத மனுஷனிடம் எந்த வாயை வைத்துக்கொண்டு கேட்பார்கள்? பக்கத்து வீட்டு நார்மன் நேற்று பின் சந்தில் நின்றுகொண்டு தன் நாயிடம் உரக்கச் சொல்கிறான், "சில பேருக்கு எவ்ளோ பிடிவாதம் பாத்தியாடா?" உங்கப்பா லீக்ஸ் பாத்தியில் குனிந்தபடியே லீக்ஸிடம் சொல்கிறார், "சில பேருக்குப் பேச்சுத்துணைக்கு நாய்தான் கெடைச்சிருக்கு." நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

எனக்கு நார்மனைப் பற்றிக் கவலையில்லை. அவன் பெண்டாட்டி டோரீன்தான் மனசை அறுக்கிறாள். அவளும் நானும் அந்தக் காலத்தில் எப்படி இருந்தோம் என்று உனக்குத் தெரியாது, நீ அப்போது குழந்தை. கெட்டில் கொதித்தால் கணப்புக் கிளறும் கம்பியால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள், நான் ஓடுவேன். நீ பிறந்த அன்று நான் சுவரில் தட்டியதும் மாவு பிசைந்த கையோடு ஓடிவந்து நின்றவள் அவள்தான். வேலை நிறுத்தத்துக்கு அப்புறம் ஒரு தட்டும் இல்லை. இப்போது அவளுக்கு நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. போன குளிரில் மூன்று தடவை ஆம்புலன்ஸ் வந்தது. இந்தச் சுவர் வழியாக அவள் இருமுவது முழுக்க எங்களுக்குக் கேட்கும். உங்கப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, இருமல் நிற்கும் வரை அசையாமல் இருப்பார். கேட்டால், "எனக்கு ஒண்ணும் கேக்கல" என்பார்.

அப்படிப்பட்டவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். நான் இரண்டு நாளாக அவருக்கு ஆறிப்போன பீன்ஸ்தான் போடுகிறேன். நீ சொன்னால் கேட்பார். நீ அவரிடம் பேசியே எத்தனையோ வருஷம் ஆகிறது, எனக்குத் தெரியும். இரண்டு வரி எழுது, போதும்.

கடவுள் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும்.

அம்மா


ஏழாம் தெரு
அக்டோபர் 30

லியான் கண்ணு,

உன் கார்டு வந்தது. "அப்பாவுக்கு எப்பவும் தன் வீம்புதான் முக்கியம், அன்னைக்கு வேலைக்குப் போனப்பவும் அப்படித்தான்" என்று எழுதியிருக்கிறாய். அதை அவர் கண்ணில் படாமல் மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், கயிறு தாண்ட உன்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதெல்லாம் பட்டவள் நீ. பதினெட்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீ அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படி. படித்துவிட்டு அப்புறம் சொல்.

ஞாயிற்றுக்கிழமை காலை. உங்கப்பா வேகவைத்த முட்டையை உடைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன் சுவரில் கரக் கரக் என்று சத்தம். எலியோ என்றுதான் முதலில் நினைத்தேன். கதவைத் திறந்தால், மழைத் தூறலில் டோரீன் நிற்கிறாள்! ஏப்ரன் கட்டிக்கொண்டு, காலடியில் ஒரு வாளி வெந்நீர், கையில் கம்பி பிரஷ். முதல் எழுத்தில் பாதி தேய்த்துவிட்டாள். மூச்சு விசில் மாதிரி வருகிறது. எதிர் வரிசையில் ஒரு ஜன்னல் பாக்கியில்லாமல் திரை விலகியிருக்கிறது.

"அடிப் பாவி, உனக்கு எதுக்குடி இந்த வேலை? நார்மனை வரச் சொல்ல வேண்டியதுதானே" என்றேன். நாற்பது வருஷத்துக்கு அப்புறம் அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான், வெட்கக்கேடு. நார்மன்தான் எழுதியது என்று இத்தனை நாளும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நார்மனா? அவனுக்கு வீட்டுக் கதவுக்கே ஒழுங்கா பெயிண்ட் அடிக்க வராது. எழுதினது நான்" என்றாள். திரும்பாமலேயே சொன்னாள். அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

உங்கப்பா எனக்குப் பின்னால் வந்து நிற்கிறார். வாய் ஓரத்தில் முட்டை மஞ்சள். நான் அவர் என்ன செய்வாரோ என்று கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் அவள் இருமி முடிக்கிற வரை காத்திருந்தார். பிறகு, யாரிடமும் ஒருநாளும் சொல்லாததை அந்த நடைபாதையில் நின்று சொன்னார்.

"லியானுக்கு அன்னைக்கு உதடு நீலமா ஆயிடுச்சு, டோரீன்."

இது உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் உனக்கு ஜெல்லி கொடுத்தது மட்டும்தான் உனக்கு ஞாபகம் இருக்கிறது, அதை நீயே சொல்லியிருக்கிறாய். அது பிப்ரவரி. சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் கரியை, வேலை நிறுத்தம் என்று கம்பெனி நிறுத்தி மாசக்கணக்காகிவிட்டது. உங்கப்பா தினமும் கடற்கரைக்குப் போய், அலை ஒதுக்கிவிட்ட கரித் துண்டுகளைச் சாக்கில் பொறுக்கி வருவார். அதற்கும் ஊரே போட்டி. உன் அறைச் சுவரில் உள்பக்கமே பனி படிந்திருந்தது. உனக்கு நிமோனியா. பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, "குழந்தையைக் கூட்டிட்டுப் போகலாம், ஆனா வீடு கதகதப்பா இருக்கணும், இன்னொரு தடவை இப்படி வந்தா தாங்காது" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மறுநாள் காலை உங்கப்பா வேலைக்குப் போகிறவர்களின் பஸ்ஸில் ஏறினார். கல்லடிக்குப் பயந்து ஜன்னலுக்குக் கம்பி வலை போட்ட பஸ். அன்று சாயங்காலம் ஒரு லோடு கரி வந்து இறங்கியது. மார்ச்சில் வேலை நிறுத்தமே முடிந்துவிட்டது, அது வேறு விஷயம். அந்த மூன்று வாரம் காத்திருக்க எங்களுக்கு அவகாசம் இல்லை.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "எல்லா வீட்லயும் குழந்தைங்க இருக்கு. என் குழந்தையை மட்டும் சாக்காச் சொல்ல மாட்டேன்" என்றார். உன்னிடமும் சொல்ல விடவில்லை. தன்னால்தான் அப்பாவுக்கு இந்தப் பேர் என்று பெண் வளரக்கூடாது என்றார். இப்போது அவரே வாய் திறந்துவிட்டார், தெருவே கேட்டது. இனி உனக்குச் சொல்ல எனக்கென்ன தடை?

டோரீன் என்ன சொன்னாள் தெரியுமா? "தெரியும்டா. அவ இருமறது சுவர் வழியா எனக்குக் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டேதான் பெயிண்ட் டப்பாவைத் தொறந்தேன். நார்மன் அப்ப மறியல்ல பிடிபட்டு லாக்கப்ல இருந்தான், எங்க வீட்ல புள்ளைங்க ரெண்டும் கோட்டோட படுத்திருந்துச்சு. உன் வீட்டுப் புகைக்கூண்டுல மட்டும் புகை வந்துச்சு." அவள் கண்ணைத் துடைக்கவில்லை. மழையில் எது கண்ணீர் என்று யாருக்குத் தெரியும்.

உங்கப்பா தலையாட்டினார். "நான் போனது தப்புன்னு எனக்குத் தெரியும். அந்த நாள் திரும்ப வந்தாலும் போவேன்" என்றார்.

"நான் எழுதினதும் தப்புதான். ஆனா அன்னைக்கா இருந்தா நானும் திரும்ப எழுதுவேன்" என்றாள் இவள். எப்பேர்ப்பட்ட சமாதானம் பார், இரண்டு பேரும் ஒரு அங்குலம் இறங்கவில்லை! பிறகு உங்கப்பா கையை நீட்டினார். "குடு அதை. நீ இங்க விழுந்து செத்தா அந்தப் பேரும் எனக்குத்தான் வரும்."

நான் சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்து நடைபாதையில் போட்டேன். டோரீன் என் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, "மேல விட்டுட்ட பாரு, அந்த மூலையில" என்று அதிகாரம் செய்ய, உங்கப்பா தேய்த்தார். நார்மன் நாயோடு வந்து வாளித் தண்ணீரை இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தான். போகும்போது, "உன் லீக்ஸ் இந்த வருஷம் நல்லா தடிச்சிருக்கு. சுரங்கக்காரங்க கிளப் போட்டிக்குக் கொண்டு வர வேண்டியதுதானே" என்றான். இந்தத் தடவை நாயைப் பார்த்துச் சொல்லவில்லை.

எழுத்து முழுசாகப் போகவில்லை, லியான். நாற்பது வருஷப் பெயிண்ட் செங்கலுக்குள் இறங்கியிருக்கிறது. கடைசி எழுத்து மட்டும் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. உங்கப்பா எட்ட நின்று பார்த்துவிட்டு, "போதும்" என்றார். மறுநாள் ஷாஸியா வந்தாள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பெண் வாசலில் நின்று சுவரைப் பார்த்தாள், ஈரப் பிரஷைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அவள்மேல் இன்னும் பிரியம் கூடிவிட்டது. மிச்சமிருந்த கேக் முழுவதையும் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். அன்றைக்கு உங்கப்பாவுக்கும் சூடான சாப்பாடு.

நீ ஒன்றும் உடனே எழுத வேண்டாம். மெதுவாக இரு.

பிரியத்தோடு,
அம்மா


ஏழாம் தெரு
ஜனவரி 12

என் செல்ல லியானுக்கு,

இங்கே வெளியே உறைபனி. நான் இதை எழுதுவது உன் பழைய அறையில், ஒரே ஒரு கார்டிகனோடு! நம்புவாயா?

வேலையை மூன்று வாரத்தில் முடித்துவிட்டார்கள். சுவர் இப்போது கிரீம் கலர். எந்தக் கலர் என்று முடிவு செய்ய ஆறு வீட்டுக்காரர்களும் நம் கூடத்தில் கூட வேண்டியிருந்தது, ஏனென்றால் நடுவில் இருப்பது நம் வீடுதான். அத்தனை பேரையும் உட்கார வைக்க நாற்காலி போதாமல் டோரீன் வீட்டிலிருந்து கடன் வாங்கினேன். பலகை அறுக்கும்போது வெள்ளைத் துகள் பறந்து உங்கப்பாவின் லீக்ஸ் பாத்தி முழுக்கப் பனி மாதிரி மூடிவிட்டது. இனி வீட்டில் பூகம்பம்தான் என்று நினைத்தேன். அவரோ அந்தப் பையன்களுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கிளப் போட்டியில் அவர் லீக்ஸுக்கு மூன்றாம் பரிசு. நடுவர்களுக்குக் கண் தெரியவில்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாற்பது வருஷம் கழித்து அந்தக் கிளப்புக்குள் போய்வந்து, அங்கே இருப்பவர்களைத் திட்டுகிற பாக்கியம் கிடைத்ததே அவருக்கு.

டோரீன் இந்தக் குளிரில் ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இருமல் இருக்கிறது, ஆனால் ராத்திரி தூங்குகிறாள். யாருக்கெல்லாம் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அரசாங்கத்துக்குச் சொல்கிறேன், உங்கப்பா காதில் விழாமல். ஷாஸியாவுக்கு நேரிலேயே சொல்லிவிட்டேன். ஒரே ஒரு நினைப்பு மட்டும் சில நேரம் வந்துபோகிறது. இந்தச் சுவருக்கு அன்றைக்கே யாராவது கோட்டு மாட்டிவிட்டிருந்தால் உங்கப்பா அந்த பஸ்ஸில் ஏறியிருக்கவே மாட்டார். நீயும் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டாய். சரி, நடந்தது நடந்துவிட்டது. கிடைத்ததற்குச் சந்தோஷப்படுகிறேன்.

பலகையெல்லாம் வெளிச் சுவருக்குத்தான். நமக்கும் டோரீனுக்கும் நடுவே இருக்கிற சுவர் பழையபடி அப்படியேதான் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை நாங்கள் இருவரும் உட்கார்ந்திருக்கிறோம். கணப்புக்குப் பின்னாலிருந்து டொக், டொக். எனக்குக் கையில் இருந்த ஊசி விழுந்துவிட்டது. நான் எழுந்திருப்பதற்குள் உங்கப்பா ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த கம்பியை எடுத்து, திருப்பி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "போ, டீ ஆறிடும்" என்றார். நான் திரும்பும்போது டோரீன் அவருக்கும் ஒரு தட்டில் புட்டிங் கொடுத்து அனுப்பினாள்.

நீ கடிதம் எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று நானே சொன்னேன், அதனால் குறை சொல்லவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் அன்று நீ போன் செய்தபோது, "அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டாய். அவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், லியான்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். தினமும் படுக்கப் போகுமுன் அவர் இந்த அறைக்கு வருகிறார். விளக்குகூடப் போடுவதில்லை. உன் கட்டில் இருந்த இடத்தில் நின்று, வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போகிறார். என்ன பார்த்தீர்கள் என்று நான் கேட்டதில்லை.

போன தடவை வந்தபோது வீடு குளிரும் என்று டர்ஹாமில் ஹோட்டலில் தங்கினாய். ஃபின்னுக்கும் உன்னை மாதிரி நெஞ்சு பலவீனம் என்கிறாய். இனி அந்தச் சாக்கு கிடையாது. ஈஸ்டருக்கு வாருங்கள். குளிர் இன்னும் இருக்கும், இருக்கட்டும், நீயே வந்து பார்க்க வேண்டும். நீ நடந்து போகிற வழியெல்லாம் நல்ல வழியாக இருக்கட்டும். அதில் ஒரு வழி இந்தப் பக்கமும் திரும்பட்டும்.

உன் அம்மா

பின்குறிப்பு: நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டார். அவரும் ஒரு வரி எழுத வேண்டுமாம். பேனாவை வாங்கிக்கொண்டு அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார்.

லியான், உன் ரூம் சுவரைத் தொட்டுப் பாத்தேன். சில்லுன்னு இல்லம்மா. அப்பா.